பெண்குதிரைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது

நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்வி. நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்ந்த, இதுவரை ஆண்குதிரையோடு சேராத ஐந்து வயதுப் பெண்குதிரை உங்களிடம் இருக்கிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதைக் கன்ரர் லொறியில் ஏற்றிக் கோப்பாய்ப் பக்கம் உள்ள ஓர் ஆண்குதிரையிடம் கொண்டுபோனீர்கள். மூன்று முறையும் காதை மடக்கி, கத்தி, பின்னங்காலால் உதைத்தது. கடைசி முறை அந்த வீட்டு வேலியும் முறிந்துவிட்டது. இனிக் காலைக் கட்டி நிறுத்தலாமா, சரிவராவிட்டால் ஊசி ஏதும் உண்டா, அதுவும் இல்லையென்றால் நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளோடு விட்டால் தானாக நடந்துவிடுமா என்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒன்றுதான்: அது ஏன் நிற்க மறுக்கிறது? அதைக் கண்டுபிடிக்காமல் கயிற்றைப் பற்றியும் ஊசியைப் பற்றியும் கதைத்துப் பயனில்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பேராதனையில் படித்து, ஓய்வுபெறும்வரை வடக்கில் வேலை செய்த மிருக வைத்தியர். கை நனைத்ததில் பெரும்பகுதி மாடும் ஆடும்தான். குதிரை அனுபவம் மலைநாட்டில் லாயங்கள் இருந்த பகுதியில் வேலை செய்த சில வருடங்களில் கிடைத்தது. உங்கள் குதிரையை நான் பார்க்கவில்லை. ஆகவே கீழே சிலதை உறுதியாகச் சொல்வேன், சிலதை ஊகமாக மட்டும் சொல்வேன். எது எது என்று அந்த இடத்திலேயே பிரித்துச் சொல்கிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குவோம். நம் ஊரில் எல்லோருக்கும் மாட்டுக் கணக்குத் தெரியும். நாகு (கன்று போடாத இளம் பசு) வேட்கைக்கு, அதாவது காளையோடு சேரும் பருவத்துக்கு, வந்தால் கத்தும், மற்ற மாட்டில் ஏறும், காலையில் கண்டால் பின்னேரம் சினை ஊசி போடுவோம், பின்னேரம் கண்டால் மறுநாள் காலை. ஏனென்றால் மாட்டின் வேட்கை முழுவதும் 12 முதல் 18 மணித்தியாலம்தான், முட்டை வெளியேறுவது அது அடங்கிய பிறகு. இந்தக் கணக்கைக் குதிரைக்குப் போட்டால் எல்லாம் பிழைக்கும். ஒரு வேட்கையிலிருந்து அடுத்த வேட்கை வரையான சுற்று குதிரைக்கும் ஏறக்குறைய 21 நாள்தான், ஆனால் வேட்கை ஐந்து முதல் ஏழு நாள் நீளும். முட்டை வெளியேறுவது வேட்கை முடிவதற்கு ஒரு நாள், இரண்டு நாள் முன்னதாக. மீதி இரண்டு கிழமைக்கு மேற்பட்ட காலத்தில் எவ்வளவு நல்ல ஆண்குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் பெண்குதிரை அதை எதிரியாகத்தான் பார்க்கும். காதை மடக்குவதும் வாலை இறுக்கி அடக்குவதும் உதைப்பதும் பிடிவாதம் இல்லை. "இன்றைக்கு இல்லை" என்பதை வேறு எப்படித்தான் அது சொல்லும்?

இப்போது உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்ப்போம். முதல் தடவைக்கும் இரண்டாவது தடவைக்கும் இடையில் இரண்டு கிழமை, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் மூன்று கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று கிழமை என்றால் 21 நாள், அதாவது ஒரு முழுச் சுற்று. இரண்டாவது தடவை சுற்றின் எந்த இடத்தில் நின்றதோ, மூன்றாவது தடவையும் அநேகமாக அதே இடத்தில்தான் நின்றிருக்கும். ஆக நீங்கள் மூன்று நாள் பார்க்கவில்லை, இரண்டு நாள்தான் பார்த்திருக்கிறீர்கள். 21 நாளில் ஆறு நாள் மட்டும் வாசல் திறந்திருக்கும் வீட்டுக்கு இரண்டு முறை போய், இரண்டு முறையும் பூட்டியிருந்தால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கன்ரர்க்காரருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு என்பது எனக்கு விளங்குகிறது. குதிரைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது.

வேட்கையில் நிற்கும் பெண்குதிரை ஆண்குதிரையைக் கண்டதும் வாலை ஒரு பக்கம் தூக்கும், பின்னங்கால்களை அகட்டிச் சற்றுக் குந்தும், கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடும், பெண்குறி இதழ்களைத் திறந்து திறந்து மூடும். காது தளர்ந்து இருக்கும். வேலிக்கு அப்பால் நிற்கும் ஆண்குதிரை பக்கம் பின்புறத்தைத் திருப்பிச் சாய்ந்து நிற்கும். இவை இருந்தால் யாரும் வந்து விளக்கத் தேவையில்லை, சின்னப்பிள்ளையும் கண்டுபிடிக்கும். சிக்கல் என்னவென்றால், முதல்முறை சேரவிடும் குதிரைகளில் சில இவற்றைத் தெளிவாகக் காட்டுவதில்லை. உள்ளே முட்டை வளரும், வெளியே அமைதி. இன்னும் சில, உண்மையிலேயே வேட்கையில் இருக்கும்போதும் முதல் ஒன்றிரண்டு நிமிடம் பயத்தில் கத்தி ஒரு உதை விட்டுவிட்டு, பிறகுதான் இளகும். உங்களுடையது பந்தயக் குதிரை வேறு. பயிற்சிக் காலத்தில் மற்றக் குதிரைகளைக் கவனித்தால் அதட்டு வாங்கியே வளர்ந்திருக்கும். தலைக்கயிற்றை ஒருவர் பிடித்திருக்கும்போது அது தன் விருப்பத்தைக் காட்டாமல் அடக்குவது நடக்கக்கூடியது. ஆனால் உங்கள் குதிரையில் நடந்தது அதுதானா என்று இங்கே இருந்து என்னால் சொல்ல முடியாது. இது ஊகப் பக்கம்.

ஆகவே அடுத்த வேலை சேர்ப்பது இல்லை, பார்ப்பது. முடிந்தால் குதிரையை ஒரு மாதத்துக்கு அந்த ஆண்குதிரை நிற்கும் வளவுக்கே கொண்டுபோய் விடுங்கள். கன்ரரில் ஏறி, வெயிலில் ஆடி ஆடிப் போய் இறங்கி, முகம் தெரியாத இடத்தில் முதல் அரைமணிக்குள் கலியாணம் நடக்க வேண்டும் என்றால் யாருக்கும் கோபம்தான் வரும். இரண்டுக்கும் நடுவில் தடுப்பு வேண்டும். முள்ளுக்கம்பி கூடவே கூடாது. கதியாலும் கிடுகும் ஒரு உதைக்குத் தாங்காது, அதை நீங்களே கண்டுவிட்டீர்கள். நெஞ்சளவு உயரத்துக்குத் தடித்த பனஞ்சிலாகை அடித்து, கீழ்ப்பகுதியில் கால் புகாதபடி பலகையால் மூடுங்கள். தினமும் ஒரே நேரத்தில், இல்லாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாளாவது, ஆண்குதிரையைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுவந்து பத்து நிமிடம் நிறுத்துங்கள். பெண்குதிரையை ஒருவர் தளர்வாகப் பிடித்திருக்கலாம். வேறொரு நேரத்தில் யாரும் பிடிக்காமல் விட்டு, தூரத்தில் நின்று பாருங்கள். பந்தயக் குதிரைக்கு இந்த இரண்டாவது முறைதான் பலமுறை உண்மையைச் சொல்லும். கண்டதை ஒரு கொப்பியில் எழுதுங்கள்: வால், காது, சிறுநீர், உதை. மூன்று கிழமை எழுதினால் உங்களுக்கு என் பதிலே தேவைப்படாது.

இதே மாதத்தில் ஒரு மிருக வைத்தியரைக் கொண்டு முழுதாகச் சோதித்து வையுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, அது ஏற்கெனவே சினையா என்பது. சிரிக்க வேண்டாம். கைமாறி வந்த விலங்கை விற்றவர் வாயை நம்பிச் சினையில்லை என்று எடுத்துக்கொண்டு ஏமாந்த பலரை மாட்டில் பார்த்திருக்கிறேன். சினைக் குதிரை ஆண்குதிரையை அடித்து விரட்டும், நீங்கள் எழுதியிருப்பது போலவே. அடுத்தது, இதுவரை சேராத குதிரைகளில் சிலவற்றுக்குக் கன்னிச்சவ்வு தடித்து நிற்கும். ஏறும்போது அது வலித்தால் அடுத்த முறை குதிரை கிட்டவே விடாது. வைத்தியர் சுத்தமான கையுறையோடு பார்த்து, தேவையானால் முன்கூட்டியே அதைச் சரிசெய்வார். அது ஐந்து நிமிட வேலை. முதுகு, இடுப்பு, பின்னங்கால் மூட்டு இவற்றிலும் நோவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓடி ஓய்ந்த குதிரைக்கு இது சாதாரணம். நோவுள்ள முதுகில் ஆண்குதிரையின் பாரம் விழுந்தால் எந்த வேட்கையும் நிற்காது. இரண்டு குதிரைக்கும் இனப்பெருக்க உறுப்புத் தொற்று இல்லையென்று மாதிரி எடுத்துப் பார்ப்பதும் நல்லது. குதிரைக் கருப்பையில் ஒருமுறை புகுந்த தொற்று இலேசில் போகாது.

நான்கு கிழமை தினமும் பார்த்தும் ஒரு அறிகுறியும் இல்லையென்றால் அப்போது கதை வேறு. முட்டை உருவாகும் சூலகங்களை ஸ்கான் செய்து பார்க்க வேண்டும். முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகி அடுத்த வேட்கையைத் தடுத்து நிற்கும் மஞ்சட்சடலம், போன சுற்றினது, கரையாமல் தங்கியிருக்கலாம், இது மருந்தால் சரிவரும். சூலகத்தில் கட்டி இருந்தால் பெண்குதிரை ஆண்குதிரையைப் போலவே முரட்டுத்தனமாக நடக்கும். மிக அரிதாக, பிறவியிலேயே 64 நிறமூர்த்தங்களுக்குப் பதிலாக 63 மட்டும் கொண்ட குதிரைகள் உண்டு. சூலகம் வளராது, குட்டியும் கிடைக்காது. குதிரைக்கு இப்படி ஸ்கான் செய்து பழகிய கை யாழ்ப்பாணத்தில் கிடைக்காவிட்டால் பேராதனை மிருக வைத்திய பீடத்தைக் கேளுங்கள். போக்குவரத்துச் செலவு உறைக்கும்தான். ஆனால் காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் கன்ரருக்குக் கொடுக்கும் காசை விடக் குறைவாகத்தான் முடியும்.

சரி, காலைக் கட்டும் கதைக்கு வருகிறேன். சில பெரிய பண்ணைகளில் பின்னங்கால் உதையைத் தடுக்க ஒரு வகைக் கட்டுப் போடுவார்கள் என்பது உண்மை. பழகிய கைகள், பழகிய குதிரை, உறுதி செய்யப்பட்ட வேட்கை, இத்தனையும் இருக்கும் இடத்தில். உங்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. மலைநாட்டில் ஒரு லாயத்தில், பெயர் வேண்டாம், இளம் பெண்குதிரை ஒன்றைக் கயிற்றால் கட்டி நிறுத்திச் சேர்க்கப் பார்த்தார்கள். என்னை அழைத்தது எல்லாம் முடிந்த பிறகுதான். ஆண்குதிரை ஏறியதும் பெண்குதிரை பயத்தில் துள்ளி, கட்டு இழுபட்டு, பக்கவாட்டில் விழுந்தது. விழுந்த வேகத்தில் கட்டு அறுந்து, அது விட்ட உதை ஆண்குதிரையின் குறியிலேயே பட்டது. வீங்கிப் பூசணிக்காய் மாதிரித் தொங்கியது. பல கிழமை குளிர்நீர் ஒத்தடம், தாங்கு துணி, மருந்து. ஆறிய பிறகும் அது பெண்குதிரையைக் கண்டாலே பின்வாங்கும். பெண்குதிரைக்குத் தொடை கிழிந்து தையல். நல்லகாலம், தலைக்கயிறு பிடித்திருந்த பொடியனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு அது வேட்கையில் இருந்ததா என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

வேட்கை தெளிவாகத் தெரிந்த பிறகு சேர்க்கும் நாளில் செய்ய வேண்டியது வேறு. பின்னங்கால் லாடத்தைக் கழற்றிவிடுங்கள். வாலைச் சுத்தமான துணியால் சுற்றிக் கட்டி, பின்புறத்தைத் தண்ணீரால் கழுவித் துடையுங்கள். சீமெந்துத் தரை வேண்டாம், சறுக்காத மண் தரை, சுற்றிலும் விசாலம். வேடிக்கை பார்க்க ஊரைக் கூட்டவேண்டாம், நாய்களைக் கட்டிவிடுங்கள். ஆளுக்கு ஒரு குதிரையாக இரண்டு பேர், இருவரும் குதிரைகளின் இடப்பக்கம், தலையில் ஹெல்மெட். மோட்டார்ச் சைக்கிள் ஹெல்மெட் என்றாலும் பரவாயில்லை. ஆண்குதிரை நேரே பின்னால் பாயக்கூடாது. இடத் தோள் பக்கமாகக் கொண்டுவந்து, மோந்து பார்த்து, கழுத்தையும் விலாவையும் உரச விடுங்கள். அந்தச் சில நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பாதிப் பேருக்குக் கெடுகிறது. பெண்குதிரை இளகிச் சாய்ந்து நின்றால் மட்டும் ஏற விடுங்கள். ஏதாவது பிழைத்தால் இருவரும் இரண்டு குதிரைகளின் தலையையும் தங்கள் பக்கமே இழுக்க வேண்டும். அப்போது பின்கால்கள் உங்களை விட்டு மற்றப் பக்கம் போகும். இதைக் குதிரை இல்லாமல் நீங்கள் இருவரும் ஒருமுறை நடந்து பழகிப் பாருங்கள், கூச்சப்படாமல். ஏறிய ஆண்குதிரையின் வால் மேலும் கீழும் ஆடினால் விந்து இறங்குகிறது என்று பொருள். உங்கள் குதிரை சின்னது, ஆண்குதிரை பெரிது என்றால் உள்ளே கிழியாமல் இருக்க, இரண்டுக்கும் இடையில் துணி சுற்றிய உருளை ஒன்றை வைப்பார்கள். அதை வைத்தியரோ பழகியவரோ இருந்து செய்யட்டும்.

வேட்கையின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் தொடங்கி ஒருநாள் விட்டு ஒருநாள், பெண்குதிரை மறுக்கும் வரைக்கும். நல்ல ஆண்குதிரையின் விந்து உள்ளே இரண்டு நாளாவது உயிரோடு இருக்கும் என்பதால் தினமும் தேவையில்லை.

வேட்கையில் நின்றும் வெறும் பதற்றத்தில் ஆடும் குதிரைக்கு வைத்தியர் இலேசாகத் தணிக்கும் ஊசி போடலாம். அல்லது மேலுதட்டைக் கயிற்று வளையத்தில் பிடித்துச் சற்று நேரம் அடக்கலாம். வேட்கை இல்லாத குதிரைக்கு இரண்டும் கூடாது. தணித்த குதிரை தூங்குவது போல நின்றுகொண்டே, முன்னறிவிப்பு இல்லாமல் உதைக்கும். முன்னறிவிப்போடு உதைப்பதே மேல். ஆண்குதிரைக்குத் தணிப்பு மருந்து எதையும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். சில மருந்துகளால் அதன் குறி உள்ளே இழுபடாமல் தொங்கிப்போய், நிரந்தரமாகவே கெட்டுவிடக்கூடும்.

வேட்கைக்கு வரவைக்கும் ஊசி உண்டா என்றால், உண்டு. மாட்டுக்குப் போடும் புரொஸ்டகிளாண்டின்தான். அது அந்த மஞ்சட்சடலத்தைக் கரைக்கும். ஆனால் முட்டை வெளியேறி ஐந்து நாளாவது கழிந்த பிறகே குதிரையில் வேலை செய்யும். போட்டதும் குதிரை வியர்த்து வயிற்றை நொந்துகொள்ளும். சினையாக இருந்தால் கருவைக் கலைத்துவிடும். வீட்டில் கர்ப்பிணியோ ஆஸ்துமாக்காரரோ இருந்தால் அந்தப் போத்தலைத் தொடவே கூடாது, தோலாலேயே உடம்புக்குள் போகும் மருந்து அது. மாட்டுக்காரர் ஒருவரிடம் மிச்சம் இருக்கிறது என்று வாங்கிப் போடுகிற ஆட்களை எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மற்றொரு ஊசி முட்டை வெளியேறும் நேரத்தை முந்தச் செய்யும். முட்டையைச் சுமக்கும் நீர்க்குமிழி 35 மில்லிமீற்றர் அளவுக்கு வளர்ந்த பிறகு போட்டால் இரண்டு நாளுக்குள் முட்டை வெளியேறும். அது நாளைக் குறிக்க உதவுமே தவிர, விருப்பம் இல்லாத குதிரைக்கு விருப்பத்தை உண்டாக்காது.

நெடுந்தீவு யோசனையைத் தயவுசெய்து விடுங்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த கூட்டம் அது. ஒல்லாந்தர் கட்டிய லாயத்தின் தூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. அங்குள்ள குதிரைகளைத் தீவுக்கு வெளியே கொண்டுவரத் தடை இருக்கிறது. உங்களுடையதை உள்ளே விட்டுவிட்டுப் பிறகு திருப்பிப் பிடித்து, குறிகட்டுவான் படகுத்துறையில் இறக்கி, இது என்னுடையது என்று யாரிடம் நிறுவப் போகிறீர்கள்? அதைவிடப் பெரிய காரணம், வெளியிலிருந்து போகும் ஒரு குதிரை சளிநோய் ஒன்றைக் கொண்டுபோய் அந்தக் கூட்டத்துக்கே பரப்பிவிடலாம். கோடையில் தண்ணீருக்கே தவிக்கும் கூட்டம் அது. லாயத்தில் தவிடும் புல்லும் வைத்து வளர்ந்த குதிரை அங்கே ஒரு கோடை தாங்காது. "இயல்பாக" என்கிறீர்கள். அங்கே ஆண்குதிரைகள் ஒன்றையொன்று கடித்துக் கிழிப்பதும் இயல்புதான்.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளிர்நாட்டுப் புத்தகங்களில் பெண்குதிரை மாரியில் வேட்கைக்கு வராது, பகல் நீண்டால்தான் வரும் என்று இருக்கும். அது அங்கே சரி. யாழ்ப்பாணத்தில் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல்தான். ஆகவே இங்கே வெளிச்சத்தைக் காட்டிலும் தீனிதான் பெரிய விஷயம் என்பது என் கணிப்பு. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், தடவினால் கைக்குப் படும் அளவுக்கு உடம்பு இருக்கட்டும். சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம், 320 நாளிலும் ஈனலாம், 365 நாளிலும் ஈனலாம். மாசியில் சேர்ந்தால் தையில் குட்டி, மாரி மழை பெய்து புல் பச்சையாக நிற்கும் நேரம். சித்திரை வெயிலில் சேர்த்து, பங்குனிக் காய்ச்சலில் குட்டி கிடைத்தால் தாய்க்குப் பால் சுரக்க நீங்கள்தான் ஓட வேண்டும்.

ஆண்குதிரை பெரிது, குட்டி பெரிதாகி உள்ளே தங்கிவிடுமோ என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். அதிகம் பயப்பட வேண்டாம். 1938இல் வால்ட்டன், ஹமண்ட் என்ற இருவர் பெரிய ஷயர் குதிரையையும் சின்ன ஷெட்லண்ட் குதிரையையும் இரு வழியிலும் கலந்து பார்த்தார்கள். குட்டி பிறக்கும்போது எவ்வளவு பெரிது என்பதைத் தாயின் உடம்புதான் பெரும்பாலும் தீர்மானித்தது, தகப்பன் இல்லை. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: இரட்டைக் கரு. மாட்டில் இரட்டை பிறந்தால் கொண்டாடுவோம். குதிரையில் இரட்டை என்றால் பெரும்பாலும் இரண்டையுமே இழப்போம். ஆகவே முட்டை வெளியேறி 14 முதல் 16 நாளுக்குள் ஒரு ஸ்கான் கட்டாயம். அந்த நேரத்தில் வைத்தியரால் ஒன்றை மட்டும் விட்டுவைக்க முடியும். பிந்தினால் கைவிட்டுப் போகும்.

கொப்பியில் 22 நாள் எழுதி முடித்ததும், எந்த எந்த நாளில் வால் தூக்கியது என்பதைச் சேர்த்து எழுதுங்கள் தம்பி, அதை வைத்துக் கதைப்போம். அதுவரைக்கும் அந்தக் கன்ரர்க்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்.